மொட்டைக் கடுதாசிக்குப் பூட்டா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மொட்டைக் கடுதாசி புதுசு அல்ல. முன்பு தபாலில் வந்தது. இப்போது இ-மெயிலில் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

பெயர், ஊர் கேட்காமல் கணக்கு கொடுக்கும் இ-மெயில் சேவைகள் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் "புரோட்டான் மெயில்" அதில் பிரபலமானது.

2024 பிப்ரவரி 8-ந் தேதி சென்னையில் பல பள்ளிக்கூடங்களுக்கு இ-மெயிலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பெற்றோர்கள் பதறியடித்து ஓடினார்கள். கடைசியில் புரளி! அந்தச் சேவையையே தடை செய்யும்படி தமிழக போலீசார் கேட்டனர். 2025 ஏப்ரலில், ஒரு கம்பெனியின் பெண் ஊழியர் பற்றி ஆபாச மெயில் வந்த வழக்கில், தடை நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு கர்நாடக ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

கோபம் நியாயம்தான். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

சாயத் தண்ணீர்

நொய்யலைக் கெடுத்த திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. இன்றைக்கு ஒரு பட்டறை நள்ளிரவில் கழிவைத் திறந்துவிட்டால் முதலில் பார்ப்பவர் யார்? அங்கே வேலை செய்கிற ஆள்தான். பெயர் போட்டு எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. சூப்பர்வைசரின் தொல்லையை எழுத நினைக்கும் பெண்ணுக்கும் இதே கதிதான்.

உறையைப் பார்த்தால் போதும்

குப்பை மெயிலைப் பிடிக்க எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. தபால்காரர் மாதிரி உறையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது? முகவரி நிஜமா? ஒரே நிமிஷத்தில் எத்தனை பேருக்குப் போகிறது? புதுக் கணக்குக்கு "நாளைக்கு இத்தனை மெயில்தான்" என்று கட்டுப்பாடு போடலாம். புகார் எழுதுபவருக்கு ஒரு மெயில் போதும். மோசடிக்காரனுக்கு ஆயிரம் வேண்டும்!

"பேங்க் கணக்கு மாறிவிட்டது, புதுக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று முகவரியில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வரும் மெயில் இந்த வடிகட்டியையும் தாண்டலாம். அதற்கு மருந்து தடை அல்ல. பணம் அனுப்பும் முன்பு பழைய நம்பருக்கு ஒரு போன்!

குண்டு மிரட்டல் விடுபவனை விடவும் கூடாது. அந்த ஒரு கணக்கின் விவரத்தைச் சட்டப்படி கேட்டு வாங்க வேண்டும்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெயர் தெரியாத மெயிலை வடிகட்டி குப்பையில் தள்ளிவிடும். தினமும் ஒருவர் அந்தக் குப்பையைக் கிளறட்டும். நூறு சீட்டு விளம்பரத்துக்கு நடுவே ஒரு தொழிலாளியின் அழுகுரல் கிடக்கலாம்!