இடுப்பு மூட்டை எடுத்த பிறகு நாய் நடக்குமா?

“எங்கள் ஆட்டுப்பட்டிக்குக் காவலாக இருக்கும் நாய்க்கு 2 வயது, எடை 9 கிலோ. 3 வாரங்களுக்கு முன்பு பைக் மோதியதிலிருந்து ஒரு பின்னங்காலைத் தூக்கியபடியே நிற்கிறது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டியும் சரியாகவில்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், தொடை எலும்பின் தலைப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார். மூட்டே இல்லாமல் நாய் எப்படி நடக்கும்? ‘ஊசி போட்டு முடித்துவிடுங்கள்’ என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?”

- வாசகி, மணப்பாறை.

நடக்கும். எடை குறைந்த நாய்களுக்கும் பூனைகளுக்கும் நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சை இது. காலுக்காக மட்டும் நாயை முடித்துவிட வேண்டியதில்லை.

தொடை எலும்பின் மேல்முனை பந்து போல இருக்கும். இடுப்பு எலும்பின் கிண்ணம் போன்ற குழியில் அது பொருந்திச் சுழலும். பந்தைத் தாங்கும் கழுத்துப் பகுதி முறிந்தால், உடைந்த முனைகள் உரசி ஒவ்வோர் அடிக்கும் வலிக்கும். அந்தப் பந்தையும் கழுத்தையும் எடுத்துவிட்டால் உரசல் நிற்கும். அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து, சுற்றியுள்ள தசைகளோடு சேர்ந்து காலைத் தாங்கும். கால் சற்றுக் குட்டையாகலாம்; ஓட்டத்தில் லேசான வித்தியாசம் தெரியலாம். ஆனால், வலி இருக்காது. ராஜபாளையம், லேப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்கு எடை அதிகம் என்பதால் இதே அளவு பலனை உறுதியாகச் சொல்ல முடியாது.

தப்பைக் கட்டு இடுப்புக்கு உதவாது. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருந்தால்தான் கட்டு பயன்படும். இடுப்பை அப்படிக் கட்ட முடியாது. காலில் கட்டும் தப்பையின் கனம் முறிந்த இடத்தை இழுத்து, வலியைக் கூட்டும். முறிந்த சில நாள்களுக்குள் கொண்டு சென்றால், சில நேரங்களில் கம்பி வைத்தே எலும்பைச் சேர்த்துவிடலாம். பந்து முறியாமல் குழியிலிருந்து நழுவியிருந்தால், மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ளிவிடலாம். இரண்டுக்குமே தாமதம் எதிரி.

அறுவை சிகிச்சையில் பாதி வேலைதான் மருத்துவருடையது. மீதி வீட்டில் இருக்கிறது. முறிந்த எலும்பைச் சேர்த்த காலுக்கு ஓய்வு வேண்டும். இந்தக் காலுக்கோ அசைவு வேண்டும். கட்டிப்போட்டே வைத்திருந்தால் தழும்பு இறுகி, கால் விறைத்துவிடும். வலி மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். அவர் அனுமதித்ததும், நாயைப் படுக்க வைத்து, காலை மெதுவாக முன்னும் பின்னும் 10 முறை நீட்டி மடக்க வேண்டும். தினமும் 3 வேளை. கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும். மெதுவாக நடந்தால்தான் அந்தக் காலை ஊன்றும். ஓடவிட்டால் மூன்று காலிலேயே ஓடிவிடும். தையல் பிரிக்கும்வரை குதிக்கவோ படியேறவோ விடக் கூடாது. பெரும்பாலும் 2 வாரங்களில் விரல் நுனியை ஊன்றும். ஓரிரு மாதங்களில் எடை போட்டு நடக்கும். 3 வாரங்களாகத் தூக்கியே வைத்திருந்ததால் இந்த நாயின் தொடைச் சதை இளைத்திருக்கும். கொஞ்சம் கூடுதல் பொறுமை தேவை. உடல் எடை ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மணப்பாறைக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் பக்கம். எக்ஸ்ரே படத்தையும் மருத்துவரின் குறிப்பையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

கவனத்துக்கு: வண்டியில் அடிபட்ட பிராணிக்குக் காலைவிட மூச்சையும் சிறுநீரையும் முதலில் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் வராவிட்டாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பலகையில் படுக்க வைத்துத் தூக்குவது நல்லது. வலியில் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் எச்சரிக்கை தேவை. மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.