'லைசென்ஸ் வேண்டாத வண்டிதானே சாரே?'

கொஞ்சம் நீளமான இழை. திட்டத்தான் எழுதறேன், பிள்ளைகளை இல்ல. பதினாலு வயசுப் பையன் கையில் பேட்டரி ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துட்டு "இது லைசென்ஸ் வேண்டாத வண்டிதானே சாரே" என்று கேட்கும் பெரியவர்களை.

சாயங்காலம் இனயம் கடற்கரை ரோட்டில் பத்து நிமிஷம் நின்று பாருங்க. ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். ஹெல்மெட் கிடையாது. நடுவில் இருப்பவன் கையில் போன், ரீல்ஸ் எடுக்கிறான். வீட்டு நடையை விட்டு இறங்கினாலே ரோடு என்கிற மாதிரி நெருக்கமான ஊர் நம்முடையது. மீன் வித்துட்டு வரும் அம்மாமார், கோயிலுக்குப் போகும் பாட்டிகள், பந்து விளையாடும் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே ரோடுதான். பெட்ரோல் வண்டி என்றால் சத்தம் கேட்டு ஒதுங்கலாம். இது முதுகில் இடிக்கும் வரை தெரியாது.

சரி, லைசென்ஸ் வேண்டாம் என்பது எதுக்கு? மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். இப்படி இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. அதனால்தான் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் கேட்பதில்லை.

உங்க பையன் வண்டி 25-லதான் போகுதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்க. வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 2023-ல் கேரள மோட்டார் வாகனத் துறை ஷோரூம்களில் சோதனை போட்டபோதே இப்படி வேகம் கூட்டிய வண்டிகள் சிக்கின. அவங்களுக்கும் நமக்கும் நடுவே களியக்காவிளை செக்போஸ்ட் மட்டும்தான் இருக்கு.

கட்டுப்பாட்டை எடுத்த நிமிஷத்தில் அது மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனம். 2019-ல் கொண்டுவந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் மாட்டுவது பெற்றோர் அல்லது வண்டிக்காரர். 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. கல்ஃபில் டிரைவர் வேலை என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துடுங்க. மாற்றி விற்கும் கடைக்காரருக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது வண்டிக்கு ஒரு லட்சம், அல்லது இரண்டும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டாங்க.

வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. 25-ல் தோல் உரசும், கை முறியலாம். 50-ல் ஹெல்மெட் இல்லாத தலைக்கு என்ன ஆகும் என்பதை எங்களை மாதிரி ஆட்கள்தான் பார்க்கிறோம்.

இதில் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் காஷுவாலிட்டி வாசல். பிள்ளையைத் தூக்கிட்டு வர்றவங்க முதல்ல சொல்றதே பொய். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டான்." போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயம், புரியுது. ஆனா எந்த வேகத்தில் விழுந்தான் என்பதையும் வைத்துத்தான் தலைக்கு சிடி வேணுமா, வயிற்றுக்கு ஸ்கேன் வேணுமா, இப்பவே ஆசாரிப்பள்ளம் அனுப்பணுமா என்று முடிவு பண்றோம். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும் ஒரு வகைக் காயம் உண்டு. பிள்ளை சில மணி நேரம் நல்லாப் பேசும், சாயா கேக்கும். அப்புறம் திடீர்னு நினைவு போகும். ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டிய நேரமே அந்த நல்லாப் பேசும் நேரம்தான். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினாலும் இதே கதை. வெளியில் சின்னக் கீறல், உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கும். "சைக்கிள்" என்ற ஒரு பொய் எங்களை அரை மணி நேரம் பின்னால் இழுத்துவிடும்.

2024 மே மாதம் புனேயில் 17 வயசுப் பையன் போர்ஷே கார் ஓட்டி இரண்டு ஐடி பொறியாளர்கள் செத்தபோது நாம எல்லாரும் கொதிச்சோம். 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததைக் கேலி பண்ணினோம். கோடீஸ்வரன் மகன், அதனால் கொதிப்பது சுலபம். நம்ம தெருப் பையன் பாட்டியை இடிச்சா மட்டும் "சின்னப் பய, விடுங்க"ன்னு பஞ்சாயத்து. இடுப்பு எலும்பு முறிந்த வயசானவங்க பலர் பழைய மாதிரி நடப்பதில்லை. அந்தச் செலவுக்குக் கேட்கப் போக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிகூட இருக்காது.

ஒரு அம்மா என்னிடம் சொன்னாங்க: "அவிய தங்கலுக்குப் போயிருக்காவ சாரே, வர நாளாவும். பய சொன்னா கேக்க மாட்டக்கான். டியூசனுக்கு யாரு கொண்டு விடுவா?" நியாயமான கேள்வி. அப்பா கடலிலோ கல்ஃபிலோ, பஸ் குறைவு. அதைக் கேட்டுப் போராடுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். துறைமுகத் திட்டத்தை எதிர்த்து நின்ற ஊருக்கு ஒரு பஸ் கேட்கத் தெரியாதா? அதுவரை, பிளஸ் ஒன் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் பின்கட்டில் துருப்பிடிச்சுக் கிடக்குதே, அதைத் துடைச்சு எடுங்க.

ஏற்கெனவே ஸ்கூட்டர் வாங்கியாச்சுன்னா, இன்றைக்கே காலி ரோட்டில் ஹெல்மெட் போட்டு நீங்களே முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓட்டிப் பாருங்க. மீட்டர் 25-ஐத் தாண்டினா சாவி உங்க இடுப்பில்தான் இருக்கணும். வித்த கடைக்குப் போய்ச் சண்டை போடுங்க.

பிள்ளை விழுந்துட்டான், திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல், மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணியோ வருதுன்னா "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விடாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரரா இருந்தாலும். வந்ததும் ஸ்கூட்டர்னே சொல்லுங்க, எத்தனை வேகம்னும் சொல்லுங்க.