வாடகைக்கு அல்ல

எங்கள் ஆபீசில் ஒரு தம்பி இருக்கிறார். தம்பி என்றால் வயது நாற்பதைத் தொடப் போகிறது. ஆனாலும் என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவதால் தம்பி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். டிராவல் பில்லில் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கூடுதலாகப் போட்டால், சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புகிற ரகம்.

அவர் ஒரு நாள் லஞ்ச் டயத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியம் மாதிரி கேட்டார்:

"அண்ணே, மலிவா ஒரு மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் சொல்லுங்க."

பக்கத்து ஸீட்காரர் பிரிண்டர் சமாசாரம் என்று நினைத்து, "புதுசு எதுக்கு சார்? ரீஃபில் பண்ணிக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல சீப்" என்றார்.

இது அந்தக் கார்ட்ரிட்ஜ் இல்லை. இதை ரீஃபில் பண்ண முடியாது என்பதுதான் இதில் உள்ள முதல் வில்லங்கம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இசைத்தட்டில் சுழல் சுழலாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் சுவர்கள் பாட்டுக்கு ஏற்ப நெளிந்திருக்கின்றன. அதில் ஓடுகிற ஊசியும் அப்படியே நெளிகிறது. ஊசியின் மறுமுனையில் குட்டிக் காந்தத்தை ஒட்டி, கம்பிச் சுருளை அசையாமல் பக்கத்தில் வைத்தால் அது மூவிங் மேக்னட். காந்தத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, சுருளை ஊசியோடு ஆடவிட்டால் மூவிங் காயில். சைக்கிள் டைனமோ தத்துவம்தான். மிதிப்பதற்குப் பதில் எம்.எஸ். பாடுகிறார்.

சுருள் கனமில்லாதது. அதனால் ஊசி சொன்னபடி சட்டென்று திரும்பும். தவிலில் ஒரு அடி விழுந்தால் 'தொம்' என்று கேட்காது, தோலில் விரல் பட்ட இடம் கேட்கும் என்பார்கள் ரசிகர்கள். ஆனால் சுருள் சின்னது என்பதால் கரண்டும் சின்னது. மூவிங் மேக்னட் 3, 4 மில்லிவோல்ட் கொடுத்தால் இது 0.3 கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு. அதைத் தூக்கிவிட ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ தனி ஆம்ப்ளிஃபயரோ வேண்டும்.

டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் 1948 வாக்கிலேயே இந்த ரகத்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால் 'மலிவு' என்றவுடன் எல்லோரும் கை காட்டுவது ஜப்பான் டெனான் கம்பெனியின் டி.எல்-103. அந்த நாட்டு ரேடியோ என்.எச்.கே.வோடு சேர்ந்து, எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்காக 1962-ல் உருவாக்கியது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இந்தத் துறையில் லட்ச ரூபாயைத் தாண்டிய ஊசிகள் உண்டு. அவற்றோடு பார்த்தால் இது மலிவு. நம் சம்பளத்தோடு பார்த்தால், சென்னையில் இரண்டு பெட்ரூம் வீட்டின் ஒரு மாச வாடகை.

நான் தம்பிக்குச் சொன்னது இதுதான்:

"103 அருமையான சாமான். ஆனா அது தனியா வராது, குடும்பத்தோட வரும். டிரான்ஸ்ஃபார்மர் வேணும். ஊசி விறைப்பானது, லேசான கையில மாட்டினா பேஸ்ல தள்ளாடும். அதுக்குக் கனமான ஹெட்ஷெல் வேணும். ஊசி தேய்ஞ்சா, மேக்னட் ரகம் மாதிரி முனையை மட்டும் உருவி மாத்த முடியாது. முழுசாத்தான் போகும். காயில்தான் வேணும்னா அதே கம்பெனி டி.எல்-110 வாங்குங்க. 1.6 மில்லிவோல்ட் கொடுக்கும், சாதா ஆம்ப்ளிஃபயரே போதும். இல்லேன்னா ஆடியோ-டெக்னிகாவுல வி.எம்.95 ஈ. அது மேக்னட். விலையில ஒரு பங்குதான். மிச்சக் காசுக்கு ரெக்கார்டு கழுவுங்க."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அடுத்த வாரமே 103-ஐ வாங்கிவிட்டார். கூடவே டிரான்ஸ்ஃபார்மர், ஹெட்ஷெல். இருபது ரூபாயைச் சுழிக்கிற மனிதர்!

"ஏன் தம்பி?"

"அப்பாவோட ரெக்கார்டுக்குண்ணே. அதுக்கு ஒசந்ததாத்தான் போடணும்."

தம்பிக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டில் வலையபட்டி. கச்சேரி கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தவில்தான் ஞாபகம் வரும். 2009-ல் சங்கீத கலாநிதி வாங்கிய வித்வான் ஏ.ஆர்.சுப்பிரமணியத்தின் பெயருக்கு முன்னால் நிற்கிற ஊர்ப்பெயர் அது. தம்பியின் அப்பா அங்கே மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் புளியமரத்தில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். பிற்பாடு கேசட், சி.டி. என்று மாறி, இரண்டு வருஷம் முன்னால் காலமாகிவிட்டார். ரெக்கார்டுகள் தகரப் பெட்டியில் இருந்தன. அவை ஓடித் தம்பி பார்த்ததே இல்லை.

மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தபோது பல்லவன் எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். தம்பியின் மடியில் டர்ன்டேபிள். என் பையில், ஒரு ஜாக்கிரதைக்காக, என்னுடைய வி.எம்.95 ஈ.

ரெக்கார்டு விஷயத்தில் காரைக்குடிப் பக்கத்துக்கு நாம் ஒன்றும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். ஏவி.எம். ஆரம்பமே அங்கே அப்பா கடையில் கிராமபோன் ரெக்கார்டு விற்றதில்தான். அப்புறம் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்தார். யுத்த காலத்தில் ஊருக்குத் திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' (1947) எடுத்தார். இப்போதும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் சட்டிக்கும் மரத்தூணுக்கும் நடுவே கிராமபோன் குழாய் எட்டிப் பார்க்கும்.

வலையபட்டி வீட்டுத் திண்ணையில் சாமானைப் பரப்பியதும் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. எதிர்வீட்டு ஆச்சி, காதில் வைரத்தோடு மின்ன, கார்ட்ரிட்ஜை உற்றுப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"ஊசி ஆச்சி. முனையில வைரம்."

"எங்கன இருக்கு? கண்ணுக்கே தெரியல! என்ன விலை?"

தம்பி விலையைச் சொன்னார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தன் தோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

103-க்கு ஊசி அழுத்தம் 2.5 கிராம். சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்தோம். நகைக் கணக்கில் கால் பவுனுக்கு அரை கிராம் கூட. அந்தக் காலத்து மைக் செட்டில் ஓடிய செராமிக் பிக்கப் ஐந்து, ஆறு கிராம் அழுத்தும். முக்கால் பவுன். அதுவும் ஊசி தேய்ந்ததைக் கவனித்து மாற்றியிருந்தால்.

முதலில் 'சாரதா' (1962) படத்துக் கல்யாணப் பாட்டு. அது இல்லாமல் தமிழ்நாட்டில் பெண் மணமேடைக்கு வராது என்று இருந்த காலம் ஒன்று உண்டு. தம்பி கை நடுங்க ஊசியை இறக்கினார்.

கடுகு வெடித்தது. உளுத்தம்பருப்பு பொரிந்தது. தாளிப்புக்கு நடுவே எங்கேயோ தூரத்தில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து சுப்ரபாதம். எம்.எஸ்ஸுக்கு ஜலதோஷம். அதற்கடுத்து ஒரு நாகஸ்வரம். தவில் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிழிசல்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. "அண்ணே, ஊசி சரியில்லையோ? டூப்ளிகேட்டா?"

"ஊசி ரொம்ப சரி தம்பி. அதான் பிரச்னை."

நல்ல கார்ட்ரிட்ஜ் நல்ல டாக்டர் மாதிரி. இருக்கிறதைச் சொல்லிவிடும். ஒரு முகூர்த்த மாசத்தில் முப்பது கல்யாணம், கல்யாணத்துக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் முக்கால் பவுன். பள்ளத்துச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? புளியமரத்துக் குழாயில் கேட்டபோது இந்தக் காயம் யாருக்கும் தெரியவில்லை. குழாயே அப்படித்தான் கத்தும்.

என் பையிலிருந்ததை எடுத்து மாட்டினேன். இங்கே ஒரு சூட்சுமம். 103-ன் முனை உருண்டை. பழைய செராமிக் ஊசியும் உருண்டை. பழசு சுவரில் தேய்த்துத் தின்ற அதே உயரத்தில்தான் இதுவும் ஏறக்குறைய ஓடும். வி.எம்.95 ஈ முனை நீள்வட்டம். பள்ளத்தில் வேறு இடத்தைத் தொடும். அங்கே கொஞ்சம் சுவர் மிச்சம் இருக்கலாம். இருந்தது. எம்.எஸ்ஸுக்கு ஜலதோஷம் பாதி குறைந்தது. ஆக, தேய்ந்த ரெக்கார்டுக்கு விலை கூடின ஊசிதான் மருந்து என்று கிடையாது.

தம்பி பேசவே இல்லை. செலவுக் கணக்கு மனசுக்குள் ஓடுவது நெற்றியில் தெரிந்தது.

பெட்டியின் அடியில் தனியாக ஒரு உறை, வேட்டித் துணியில் சுற்றி இருந்தது. பிரித்தோம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்த எல்.பி. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த வாத்திய இசை. உறையின் மூலையில் நீல மையில் தம்பி அப்பாவின் பெயர். அதன் கீழே அடிக்கோடிட்டு:

'வாடகைக்கு அல்ல.'

தம்பியின் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"இதா! இளையராசா படம்னு நெனச்சு வாங்கிட்டு வந்தாக. போட்டா, பாட்டே இல்லை. ஒரு கல்யாணத்துல போட்டுட்டாக. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக, 'பாட்டுப் போடச் சொன்னா வயலினை வச்சு அழுக வைக்கிறியா'ன்னு சண்டைக்கு வந்துட்டாக. அதோட செட்டுலேர்ந்து எடுத்துட்டாக."

"அப்புறம் கேக்கவே இல்லையாம்மா?"

"கேக்காமயா? கல்யாணம் முடிஞ்சு, குழாயெல்லாம் இறக்கிப் போட்டுட்டு, நடுச்சாமத்துல தனியா ஒக்காந்து கேப்பாக. எப்பவாச்சும்தான். புது முள்ளு போட்டாத்தான் இதைத் தொடுவாக. நீ அப்பல்லாம் கைப்புள்ளைடா. தூங்கிட்டிருப்ப."

தம்பி மறுபடி 103-ஐ மாட்டினார். தராசில் இரண்டு தடவை நிறுத்தார். ஊசியை இறக்கினார்.

தாளிப்பு இல்லை. இரண்டு மூன்று சின்ன 'டிக்'. அப்புறம் வி.எஸ்.நரசிம்மனின் வயலின், வில் கம்பியைப் பிடித்து விடுகிற இடம்கூடத் தெரிய, அந்த முகப்பில் வந்து நின்றது. இதற்குத்தான் ஐயா சுருளை ஆடவிடுகிறார்கள்! இரைச்சலில்லாத பள்ளம் கிடைத்தால் 103 என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் நானும் கேட்டேன். அந்த விலைக்கு இது நியாயமான சாமான்தான். ஆனால் அதற்குத் தகுந்த ரெக்கார்டு பெட்டியில் ஒன்றுதான் இருந்தது.

ஊருக்கெல்லாம் போட்டதை ஊர் தேய்த்துவிட்டது. தனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அதை மகன் வந்து கேட்கிறவரை பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

ஆச்சி, "பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிகிறவரை தம்பி தலை நிமிரவில்லை. முடிந்ததும் வயலின் நின்று, நடுவட்டத்தில் ஊசி 'டப்... டப்...' என்று இடித்துக்கொண்டிருந்தது. எழுந்து நான்தான் கையைத் தூக்கி வைத்தேன்.

திரும்பி வருகிற ரயிலில், செங்கல்பட்டு தாண்டினபோது தம்பி சொன்னார்:

"அண்ணே, அந்த மேக்னட் ஊசி ஒண்ணு எனக்கும் வாங்கணும். மத்த ரெக்கார்டுகளுக்கு."

"103?"

"அது அந்த ஒண்ணுக்கு மட்டும்."

ஒரு ரெக்கார்டுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஹெட்ஷெல். எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணாத கணக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கு அப்புறம் நம்மிடமும் கொஞ்சம் தாராளமாக இருப்பார் என்ற நம்பிக்கையில், அந்த வாரம் டிராவல் பில்லில் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் சேர்த்துப் போட்டேன்.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டது. சிவப்பு மையில் சுழித்து.