கணினிக் கம்பனிகளின் புதிய துண்டு

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கங்காணியின் பேரில் ஏறிய கடனைத் தீர்த்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போதல் இயலாது. இவ்வளவு பணம் கட்டினால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்கே துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அப்பணத்தைக் கட்டும். கடனோ தொழிலாளியின் தலைமேல் ஏறிப் புதிய லயத்துக்கும் கூடவே வரும். தோட்டம் மாறிற்று, தளை மாறவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்கு முடிவு கட்டியது.

நூறாண்டு கடந்த அக்கதையை இன்று ஏன் நினைவூட்டுகிறோம்? உடப்புசல்லாவையிலும் இராகலையிலும் கந்தப்பளையிலும் பாடசாலைகளுக்குக் கணினி வருகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும், தொழிற்சங்கத்தின் அங்கத்தவர் பதிவும், மரக்கறித் தோட்டக்காரரின் வரவு செலவும் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. “எந்தக் கம்பனியுடையது நல்லது?” என்று நம்மிடம் வினவுவோர் பலர். அவர்கள் பார்ப்பது விலையையும் வேகத்தையும். நாம் பார்க்கச் சொல்வது மற்றொன்றை: இக்கம்பனியை விட்டு நாளை விலக விரும்பினால், துண்டு இல்லாமல் விலக முடியுமா? கம்பனிகளின் தராதரத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

முதலில் ஐ.பி.எம். கணினி பிறப்பதற்கு முன்னரே, கணக்கிடும் இயந்திரங்களை இக்கம்பனி வாடகைக்கு விட்டது, விற்க மறுத்தது. வாடகைக்கு எடுத்தவர் அவ்வியந்திரத்தில் இடும் துளை அட்டைகளையும் இதே கம்பனியிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியது. 1936இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது. 1956இல் வந்த சம்மதத் தீர்ப்பு, வாடகைக்கு விடும் இயந்திரத்தை விலைக்கும் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மாட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, புல்லையும் என்னிடமே வாங்கு என்பவனை நம் கிராமத்தார் என்ன பெயரிட்டு அழைப்பரோ, அப்பெயரையே சட்டமும் வேறு மொழியில் சொல்லிற்று.

அடுத்து, இந்தியாவில் நடந்ததைக் காண்போம். அங்கே ஐ.பி.எம்மும் பிரிட்டிஷ் கம்பனியாகிய ஐ.சி.எல்லும் போட்டியாளர்கள். 1964இலேயே புதிய தலைமுறை இயந்திரத்தை உலகுக்கு அறிவித்த ஐ.பி.எம்., பிற நாடுகளில் பாவித்துக் கழித்த 1401 வகை இயந்திரங்களை இந்தியாவில் செப்பனிட்டு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. பழைய சட்டிக்குப் புதிய ஈயம். வாடகை மட்டும் புதிய சட்டிக்குரியது! 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குச் சட்டம், வெளிநாட்டுக் கம்பனிகள் தம் பங்கை 40 வீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.சி.எல். இசைந்தது. ஐ.பி.எம். முழு உடைமை தன் கையில் இல்லாத இடத்தில் தொழில் செய்யோம் என்று நின்றது. ஜோர்ஜ் பெர்னாண்டஸ் கைத்தொழில் அமைச்சராயிருந்த அரசு வளைந்து கொடுக்கவில்லை. 1978இல் ஐ.பி.எம். வெளியேறியது.

ஐ.சி.எல். உத்தமன், ஐ.பி.எம். வில்லன் என்று கூற நாம் வரவில்லை. ஐ.சி.எல். சிறிய கம்பனி, இந்தியச் சந்தை அதற்கு வேண்டியிருந்தது, ஆகவே வளைந்தது. ஐ.பி.எம்மோ எங்கும் தன் சொல்லே செல்லும் என்ற பழக்கத்தில் நிமிர்ந்து நின்றது. கம்பனியின் நல்ல குணம் அதன் பிறவிக் குணமன்று. சட்டத்தின் முன் அது எவ்வளவு பலங்கொண்டது என்பதே அக்குணத்தைத் தீர்மானிக்கிறது. பின் நடந்ததையும் கவனிக்க. கணினிகள் நின்றுபோகவில்லை. ஐ.பி.எம். விட்டுச்சென்ற இயந்திரங்களின் பராமரிப்பை அரசின் கணினிப் பராமரிப்புக் கூட்டுத்தாபனம் ஏற்றது. 1976இல், தூத்துக்குடிச் சீமையில் பிறந்த சிவ நாடாரும் தோழர்களும் தொடங்கிய எச்.சி.எல். போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. வெளியேறிய ஐ.பி.எம். 1992இல் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து திரும்பிவந்தது. பங்காளியாக இருக்க மாட்டோம் என்று போனவர், பதினான்கு ஆண்டுக்குப் பின் பங்காளியாகவே வந்தார்.

இயந்திரத்திலிருந்து அதிகாரம் மென்பொருளுக்கு மாறியபோது மைக்ரோசொஃப்ட் அரியணை ஏறியது. கணினி செய்யும் கம்பனிகளோடு அது ஓர் ஒப்பந்தம் செய்தது: எம் மென்பொருளை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், நீர் விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் எமக்குக் காசு தரவேண்டும். பறித்த கொழுந்துக்கும் பறிக்காத கொழுந்துக்கும் சேர்த்து வரி! 1994இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட இணக்கத்தால் அது நின்றது. 1998இல் மீண்டும் வழக்கு. 2000இல் கம்பனியை இரண்டாகப் பிளக்க ஆணை. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிளக்கும் ஆணையை நீக்கிற்று. ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவை நிலைநிறுத்திற்று.

அப்பிளின் வழி வேறு. இயந்திரமும் தனதே, மென்பொருளும் தனதே. 1995இல் பிறர் தன் மென்பொருளோடு கணினி செய்ய இடமளித்தது. 1997இல் அக்கதவை மூடிற்று. அதன் கைத்தொலைபேசிக் கடையில் பிறர் விற்கும் செயலிகளுக்கு 30 வீதம் வரை தரகு பெற்றது. 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு இக்கம்பனி மீதும் வழக்குத் தொடுத்தது. ஒருவர் வாடகையால் கட்டினார். ஒருவர் ஒப்பந்தத்தால் கட்டினார். ஒருவர் மதிலால் கட்டினார். கயிறுகள் மூன்று, முடிச்சு ஒன்று.

“அவை அமெரிக்காவின் சண்டைகள், கொழுந்து பறிப்பவருக்கும் உருளைக்கிழங்கு விளைவிப்பவருக்கும் இதனால் என்ன?” என்று கேட்போர் உளர். நம் முன்னோர் அறிந்த உதாரணத்தாலேயே விடை கூறுவோம். நானுஓயாவரை ஐந்தரை அடி அகலப் பாதை. அங்கிருந்து இராகலைக்கு இரண்டரை அடிக் குறும்பாதை. நம் பகுதியின் தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. கூலியும் காலமும் வீணாயின. மலையின் செங்குத்து அதற்கு ஒரு நியாயமாயிருந்தது. கணினிக் கம்பனி தனக்கென ஒரு பாதை அகலத்தை வகுத்து, தன் கோப்பு பிறர் கணினியில் திறவாதபடி செய்வதற்கு எந்த மலை நியாயம்?

நம் தமிழே இதற்குச் சாட்சி. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய தமிழை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்: தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளின் குப்பை தோன்றும். பொதுத் தரமாகிய யுனிகோடில் எழுதியது எங்கும் தமிழாகவே தெரியும். அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதிய தமிழ், கணினித் திரையில் குப்பையாகத் தெரிந்தால் அவ்வுரிமையின் பயன் என்ன? அவ்வாறு பூட்டுண்டு கிடக்கும் பிறப்பு, சம்பள, காணிப் பதிவுகள் யாருடையவை? ஆவணம் கைக்கு வராமையால் பிரஜாவுரிமைக்கும் காணிக்கும் தலைமுறை தலைமுறையாக அலைந்த மக்கள் நாம். ஆவணத்தின் சாவி பிறன் கையில் இருப்பதன் பொருளை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சட்டமேனும் காக்குமா? 1987இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்க இடமளித்தது. அதன் இடத்துக்கு வந்த 2003இன் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அவ்விரு அதிகாரங்களையும் கைவிட்டது. வலிய கம்பனிகள் மேலும் வலுத்த காலத்தில், நம் பாராளுமன்றம் காவற்காரனின் தடியை வாங்கி மூலையில் சார்த்தியது. அமெரிக்கா தன் கம்பனியைத் தானே கூண்டில் ஏற்றுகையில், நாம் அதன் விளம்பரத்துக்குக் கைதட்டிக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகுமா?

ஆதலின் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஏகபோகத்தையும் இணைப்பையும் விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தில் மீட்க வேண்டும். அரசும் மாகாண சபையும் வாங்கும் கணினி முறை எதுவாயினும், பதிவுகள் யாவும் பொதுத் தரத்தில், யுனிகோட் தமிழில், வேறு முறைக்கு மாற்றத்தக்கனவாய் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பாடசாலைக்கு வரும் நன்கொடைக் கணினி, உரிமப் பணம் கட்டும் காலம் முடிந்ததும் உறங்கிவிடாதிருக்க, கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்க வேண்டும். அண்டை மாநிலமாகிய கேரளம் தன் அரசுப் பள்ளிகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

அதிபர்களுக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் தனியே ஒரு சொல். கம்பனிப் பிரதிநிதி அடுத்த முறை வந்து கணினியின் அழகை விரிக்கும்போது, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: “ஐயா, நாங்கள் விலகும் நாளில் எங்கள் பதிவுகளை முழுமையாய் எங்கள் கையில் தருவீர்களா? எழுத்தில் தாருங்கள்.” எழுதித் தருபவரோடு பேசலாம். தயங்குபவரின் சட்டைப் பையில் இருப்பது துண்டு என்று அறிந்து, வாசல்வரை வழியனுப்பி வையுங்கள்.