ஒருமையா, பன்மையா? ஆங்கிலத்தின் தடுமாற்றம்

தமிழுக்கு ஒழுங்கில்லை, ஆங்கிலமே வரம்புடைய மொழி என்று பேசித் திரியும் படித்தவர் கூட்டமொன்று தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே உண்டு. ஆங்கிலத்தில் ஒருமை எழுவாய்க்குப் பன்மை வினை தவறி வந்துவிட்டால் இவர்கள் மானம் போனதென நாணிக் குறுகுவர். இவர்கள் இவ்வாறு அஞ்சி நடுங்கும் அவ்வினைமுடிபு எத்துணை உறுதியுடையது என்பதை உரசிப் பார்த்தல் வேண்டும்.

‘கமிட்டி’ என்னும் சொல்லுக்கு ‘இசு’ என்னும் ஒருமை வினையா, ‘ஆர்’ என்னும் பன்மை வினையா? அமெரிக்கர் ஒருமை என்பர். இங்கிலாந்தினரோ, குழுவை ஒன்றாகக் கருதினால் ஒருமை, உறுப்பினரைத் தனித்தனியே கருதினால் பன்மை என்பர். ‘கவர்மெண்டு’ என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான். ‘நியூசு’ பன்மை உருவில் நின்று ஒருமை கொள்ளும். ‘போலீசு’ பன்மை ஈறின்றியே பன்மை கொள்ளும். ‘டேட்டா’ இலத்தீன் பன்மை. அதற்கு எவ்வினை பொருந்தும் என்று கற்றோர் இன்றும் பூசலிடுகின்றனர்.

நாட்டின் பெயருக்கே இந்நிலை. 1787இல் வரையப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பு, நாட்டிற்கு இழைக்கும் இரண்டகத்தை வரையறுக்குமிடத்தில் ‘யுனைட்டெடு சுடேட்சு’ என்பதைப் பன்மையாற் சுட்டுகிறது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வாறே. இன்றோ அப்பெயர் ஒருமை வினையே கொள்கிறது!

ஒருவனை விளிக்கும் ‘தௌ’ பொதுவழக்கில் தேய்ந்தபின், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பலர் ஒருவரை நோக்கி ‘யூ வாசு’ என எழுதினர். எண் விளங்க அஃதொரு நல்வழி. 1762இல் இலக்கணநூல் வெளியிட்ட இராபர்ட்டு இலௌத்து அதனைப் பெரும்பிழையெனச் சாடினார். நாளடைவில் அது கல்லாதார் பேச்சென ஒதுக்கப்பட்டது. இன்று ‘யூ ஆர்’ என்பது ஒருவரைக் குறிக்கிறதா, பலரைக் குறிக்கிறதா என வினையைக் கொண்டு அறிய வழியில்லை. (வழக்கால் மொழி திரிவது இயற்கை; அஃது ஆங்கிலத்தின் குற்றமன்று. அதனை மாசற்றதெனத் தொழுவோர் குற்றமே.)

கமிட்டிக்கும் கவர்மெண்டுக்கும் எழுந்த இச்சிக்கலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே எடுத்துத் தீர்த்திருக்கிறார். குழு, அரசு, குழவி உள்ளிட்ட 18 வகைச் சொற்கள் மாந்தரைக் குறிப்பினும் அஃறிணை முடிபே கொள்ளும் என்றார். குழு கூடியது, அரசு வீழ்ந்தது. உறுப்பினர் எத்துணையர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ‘மாடு மேய்ந்தது’ என்றால் ஒன்று. ‘மாடு மேய்ந்தன’ என்றால் பல. பெயர் சொல்லாததை வினை சொல்லிவிடும். சிறப்புக் கருதி ஒருவரைப் பன்மையாற் கூறுதல் உலகவழக்கு, இலக்கணநெறி அன்று என்பதையும் அவர் ஒளியாமல் உரைத்தார்.

இத்தகைய மொழியில்தான் ‘மரங்கள் சாய்ந்தது’, ‘விலைகள் ஏறியது’ என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் ஓர் ‘எசு’ விடுபட்டால் துடித்துப்போகும் அதே பெரியவர், அத்தாளைத் தேநீரோடு விரித்து, முகஞ்சுளியாமல் கடைசிப் பக்கம் வரை படித்து முடிக்கிறார்.