பன்னிரண்டு லட்சமும் பிஸ்கட் பாக்கெட்டும்

2023 பட்ஜெட். வருஷம் 5 கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குப் புது முறையில் உச்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39 ஆனது. விளாத்திகுளம் டீக்கடையில் நான் கொதித்தேன், பாய்லருக்குப் போட்டியாக.

"வரியைக் குறைச்சாத்தான் ஒளிக்காமக் கட்டுவான். 1997ல சிதம்பரம் 40ஐ 30 ஆக்கினது எதுக்காம்?" என்றார் பேங்க் நண்பர். நான் மசியவில்லை.

2025ல் 12 லட்சம் வரை வரி கிடையாது என்றார்கள். கடையில் எல்லோருக்கும் என் செலவில் டீ!

வத்தல் மூட்டை போட வந்த அண்ணாச்சி, "போன தடவ பணக்காரனுக்குச் சலுகைன்னு குதிச்சியேடே?" என்றார். ஞாபகசக்தி ஜாஸ்தி.

"இது நடுத்தர வர்க்கம், அண்ணாச்சி!"

"மாசம் லட்ச ரூவாயா? சரி, எனக்கு என்ன கொறச்சாக?"

"விவசாய வருமானத்துக்குத்தான் வருமான வரியே இல்லையே!"

பேரனுக்கு வாங்கிய பிஸ்கட்டை நீட்டினார். "இதுக்கு?"

18 சதவீதம். கோடீஸ்வரர் வாங்கினாலும் அதே 18. எனக்கு டீ இறங்கவில்லை.

அந்த செப்டம்பரில் அது 5 ஆனது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பாக்கெட்டு அதே அஞ்சு ரூவாதான வாங்குதான்?"

"எடையைக் கூட்டியிருக்காங்க, அண்ணாச்சி."

ஒரு பிஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.