பழி யார் கணக்கில்?

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பெரிதா, அவரைச் சுற்றியுள்ள அணி பெரிதா என்று வாதம் கிளம்பும்போதெல்லாம் எனக்கு 2021 பிப்ரவரியின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல்தான் நினைவுக்கு வரும். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் கான்சாஸ் சிட்டி அணியின் முன்வரிசையில் இரு ஓரங்களையும் காக்கும் வழக்கமான வீரர்கள் இருவருமே அன்று காயத்தால் ஆடவில்லை. அவ்வணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்கத் தப்பி ஓடிக்கொண்டே இருந்தார். கடைசிக் கால்பகுதியில் ஒருமுறை, கால் இடறி, உடல் தரைக்கு இணையாக அந்தரத்தில் சாய்ந்த நிலையிலும் பந்தை எறிந்தார். அது புள்ளி எடுக்கும் எல்லைப் பகுதியான எண்ட் சோனில் நின்ற சக வீரரின் முகக்கவசத்தில் நேராகப் போய் இடித்துக் கீழே விழுந்தது. ஏட்டில் அது பிடிபடாத பந்து, அவ்வளவே. 9-31 என்ற தோல்வியும் அவர் பெயரில்தான் எழுதப்பட்டது. அவரை அப்படி ஓடவிட்டது எதிரணியான டாம்பா பேயின் தடுப்பாட்டக்காரர்கள். ஆனால் பேச்செல்லாம் 43 வயதில் ஏழாவது பட்டம் வென்ற அவர்களின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைப் பற்றியே. படம் ஓடினாலும் படுத்தாலும் கதாநாயகன் கணக்கில் எழுதுவதுபோலத்தான் இதுவும். அணிதான் எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பந்தை வேறு எத்தனை பேரால் எறிந்திருக்க முடியும்? ஆனால் திறமை தனிநபருடையது, வெற்றி கூட்டுச் சொத்து. கான்சாஸ் சிட்டி நிர்வாகத்துக்கு இது ரசிகர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் மஹோம்ஸைக் காக்க முன்வரிசையில் நின்ற ஐந்து பேருமே புதியவர்கள். பிறகு 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு பட்டங்கள் வந்தன.